முதல் டம்ளர்

அருகம்புல்லை மூன்று தண்ணீரில் அலச வேண்டும். முதல் தண்ணீரில் மண் போகும். இரண்டாவதில் கல்லுப்பும் மஞ்சள்தூளும் போட்டுக் கால் மணி நேரம் ஊறவிட்டால் வேரில் ஒட்டியிருக்கும் பூச்சிகள் மேலே மிதந்து வரும். மூன்றாவது தண்ணீர் கலங்காமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் சகாயசெல்வி புல்லை ஈரத்துணியில் சுற்றி வைப்பாள். அன்று சாயங்காலம் இரண்டாவது தண்ணீரைக் கொட்டிவிட்டு எழுந்தவளுக்கு மூச்சு வாங்கியது. குழாயடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாழைத்தண்டை உரித்துக்கொண்டிருந்த அவள் புருசன் ஜெரோம் நிமிர்ந்து பார்த்தான். “என்ன செல்வி?”

“ஒண்ணுமில்ல. செத்த நேரம் நின்னா சரியாயிரும்.”

“ஒன் காலப் பாரு.”

அவள் பார்த்தாள். இரண்டு பாதமும் ஊதி, கணுக்கால் எலும்பு இருந்த இடம் தெரியவில்லை. ஜெரோம் கத்தியை வைத்துவிட்டு வந்து அவள் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினான். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது.

அவர்களுடைய தள்ளுவண்டி ஆறு வருடமாகத் திண்டுக்கல்லில் ஒரு விளையாட்டு மைதானத்தின் வடக்கு வாசலில் நிற்கிறது. ஜெரோம் வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப்பு மூடியதும், முழங்கால் வலி தாங்காமல் செல்வி நூல் மில்லை விட்டு நின்றதும் ஒரே வருடம். காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்க வருகிறவர்களுக்காக நான்கு வாளிகளில் சாறு இருக்கும். அருகம்புல், வாழைத்தண்டு, வெண்பூசணி, நெல்லிக்காய். சாயமோ சர்க்கரையோ ஐஸோ கிடையாது. கொஞ்சம் இஞ்சி, மிளகு, இந்துப்பு, அவ்வளவுதான். புல்கூட சாக்கடை ஓரத்துப் புல் இல்லை. வடமதுரைப் பக்கம் சோலைமலை என்பவரின் தென்னந்தோப்பில் சொட்டுநீர்க் குழாயடியில் வளர்வதை ஜெரோம் தினமும் போய் அறுத்து வருவான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கோடையில், ஊருக்குள் யாரோ ஜூஸில் பச்சைச் சாயம் கலக்கிறான் என்று போனில் ஒரு வீடியோ சுற்றியது. இரண்டு நாள் அவள் வண்டிப் பக்கம் ஒருவரும் வரவில்லை. மூன்றாம் நாள், நடைப்பயிற்சி சங்கத்துச் செயலாளர் ஸ்தனிஸ்லாஸ் கடந்து போனபோது, செல்வி அருகம்புல் வாளியில் ஒரு கண்ணாடி டம்ளரை முக்கி எடுத்துக் கையை உயர்த்தினாள்.

“சார், நில்லுங்க. நான் குடிக்கிறேன், பாருங்க. செத்தா மொதல்ல நான் சாகுறேன். அப்புறம் நீங்க குடிங்க.”

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். ஸ்தனிஸ்லாஸ் மின்வாரியத்தில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாசலில் யார் வண்டி போடலாம், யார் போடக் கூடாது என்பது அவர் வாய்ச்சொல்தான். அவரே ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பேங்க்கில் வேலை பார்க்கும் ஜீவிதா அவள் குடிப்பதைப் படம் எடுத்துப் போட்டாள். அதைப் பார்த்துவிட்டு வேறு தெருக்காரர்களும் வந்தார்கள். செல்வி முதல் டம்ளரைக் குடிக்கும்வரை யாரும் கை நீட்டுவதில்லை. புதிதாக யாராவது வந்தால் பழைய ஆட்களே சொல்வார்கள்: “இருங்க, அக்கா மொதல்ல குடிக்கட்டும்.”

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து மூன்றாம் நாள் வரச் சொன்னார்கள். சின்ன வயது டாக்டரம்மா காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

“வலி மாத்திரை எத்தன வருஷமா சாப்பிடுறீங்க?”

“மில்லுல இருந்த காலத்துல இருந்து. நிக்க முடியலன்னா சூப்பர்வைசரே குடுப்பாரும்மா. அப்புறம் நானா மெடிக்கல்ல வாங்கிக்குவேன்.”

“ரெண்டு கிட்னியும் ரொம்ப வீக்கா இருக்கு. ரத்தத்துல பொட்டாசியம்னு ஒரு உப்பு, அது கூடிக் கெடக்கு. எளநி, பழம், கீரத்தண்ணி, எந்த ஜூஸும் கூடாது. தண்ணியே ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான்.”

செல்வி ஜெரோமைப் பார்த்தாள். “நாங்க ஜூஸ்தாம்மா விக்கிறோம்.”

“வித்துக்குங்க. நீங்க குடிக்காதீங்க.”

“தெனம் ஒரு டம்ளர் மட்டும்?”

டாக்டரம்மா பேனாவை மூடினார். “அந்த உப்பு ஏறுனா நெஞ்சு திடீர்னு நின்னுரும். வலி எதுவும் வந்து சொல்லிட்டு நிக்காது. வெளையாட்டு இல்லம்மா.”

பஸ்ஸில் வரும்போது ஜெரோம் சொன்னான்: “ஸ்தனிஸ்லாஸ் சார்கிட்ட உள்ளதச் சொல்லிருவோம். நல்ல மனுசன்தான.”

“என்னன்னு சொல்லுவீங்க? ஜூஸ்காரிக்கே கிட்னி போச்சுன்னா?” அவள் குரலைத் தாழ்த்தினாள். “வாழத்தண்டு குடிச்சுத்தான் அவருக்குக் கல்லு கரைஞ்சதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறாரு. இம்புட்டு வருசம் இதக் குடிச்சவளுக்கே இப்பிடின்னா, மறுநா எவன் குடிப்பான்? மாத்திரையாலதான் போச்சுன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு சொல்லிட்டு இருக்க முடியுமா?”



மறுநாள் முதல் டம்ளரை ஜெரோம் குடித்தான். கூட்டத்தில் ஒருவர், “ஜெரோமு எதக் குடுத்தாலும் குடிப்பாப்ல, அதெல்லாம் கணக்குல வராது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவன் குடியை விட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. அவனும் சிரித்துவைத்தான். அடுத்த நாள் செல்வி உதட்டை மட்டும் நனைத்துவிட்டுக் கீழே வைத்தாள். “என்னக்கா, கசாயம் குடிக்கிற மாதிரி குடிக்கிறீங்க?” என்றாள் ஜீவிதா. அவள் சும்மாதான் கேட்டாள். ஆனால் பின்னால் நின்ற இரண்டு பேர் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனார்கள். அந்த வாரம் தினமும் அரை வாளி சாறு சாக்கடையில் போனது. தெற்கு வாசலில் புதிதாக ஒரு வண்டி வந்திருந்தது. அங்கே நின்ற பெண்ணும் முதல் டம்ளரைத் தானே குடிக்கிறாள் என்று ஜெரோம் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

செல்வி மளிகைக் கடையில் கேசரிக்குப் போடும் கலர்ப் பவுடரில் பச்சை இருக்கிறதா என்று கேட்டு ஒரு சின்ன டப்பா வாங்கி வந்தாள். ஒரு சிட்டிகை போட்டால் அரை டம்ளர் தண்ணீர் அசல் அருகம்புல் சாறு மாதிரியே ஆனது. டப்பாவைப் பார்த்ததும் ஜெரோமுக்கு முகம் மாறியது.

“ஆறு வருசமா ஒரு பொட்டுக் கலர் இந்த வண்டில ஏறுனதில்ல.”

“வர்றவங்களுக்கா ஊத்துறேன்? எனக்குத்தான ஊத்திக்கிறேன்.” டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்: “இந்த அர டம்ளரையும் அந்த ஒரு லிட்டர்லதான் கழிக்கணும்.”

வண்டியின் கீழ்த்தட்டில் அந்தப் பச்சைத் தண்ணீரைத் தட்டுப் போட்டு மூடி, டப்பாவையும் பக்கத்திலேயே வைத்திருப்பாள். எல்லோர் முன்னாலும் வாளியில் டம்ளரை முக்குவாள். மிளகுத்தூள் எடுக்கிற மாதிரிக் குனிவாள். நிமிரும்போது கையில் வேறு டம்ளர் இருக்கும். குடித்துவிட்டுக் கவிழ்த்துக் காட்டுவாள். முதல் இரண்டு நாள் குனிந்து நிமிர நேரம் பிடித்தது. பிறகு பழகிவிட்டது. போனவர்கள் திரும்பி வந்தார்கள். கால் வீக்கம் வடிந்தது. ஒரு மாதம் கழித்துப் பார்த்த டாக்டரம்மா, உப்பு இறங்கியிருக்கிறது, இப்படியே வாயைக் கட்டினால் வண்டி ஓடும் என்றார். வெளியே வந்து செல்வி ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, புருசன் வாங்கி வந்த இட்லியில் இரண்டைச் சாப்பிட்டாள். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் அவளுக்குப் பசித்தது.

ஆடிக் காற்று ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் காலை ஆறேகால் மணிக்கு, செல்வி முதல் டம்ளரைக் குடிப்பதற்கு முன்னால், அடித்த காற்றில் வண்டி மேல் அடுக்கியிருந்த பேப்பர் கப்புகள் சரிந்து நாலாபக்கமும் உருண்டன. ஜெரோம் தண்ணீர் கேன் எடுக்கப் போயிருந்தான். “இருங்கக்கா, நான் எடுக்குறேன்” என்று ஜீவிதா வண்டிக்கு இந்தப் பக்கம் வந்து குனிந்தாள்.

“வேணாம் பாப்பா, நான் பாத்துக்கிறேன்.”

செல்வி சொல்லி முடிப்பதற்குள் ஜீவிதா நிமிர்ந்துவிட்டாள். ஒரு கையில் கப்புகள் இருந்தன. இன்னொரு கையில் மூடி சரியாக மூடாத டப்பா. விரலெல்லாம் பச்சை.

“அக்கா, இது என்ன?”

வாசலில் இருபது பேராவது நின்றார்கள். ஸ்தனிஸ்லாஸ் முன்னால் வந்து டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்தார். கீழ்த்தட்டில் மூடி வைத்திருந்த டம்ளரையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“கலரா?”

“சார், அது வந்து...”

“இத்தன வருசமா இதத்தான் எங்களுக்கு ஊத்துனியா? நான் கல்லுக்கு மருந்துன்னு குடிச்சிட்டு இருக்கேன். எத்தன பேரக் கூட்டிட்டு வந்து விட்டேன் இங்க!”

“சத்தியமா இல்ல சார். வாளில எதுவும் இல்ல. வீட்டுல கேசரி கிண்ட வாங்குனது, மறந்துபோய் இங்க வந்துருச்சு.”

“டம்ளர்ல கரைச்சது யாரு? வண்டியா?”

யாரோ போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்க ஆரம்பித்தார்கள். உணவு அதிகாரி நம்பர் இருக்கிறதா என்று இன்னொருவர் கேட்டார். தண்ணீர் கேனோடு வந்த ஜெரோம் அதை இறக்கிவைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்தான்.

“சார், அவளத் திட்டாதீங்க. அவளுக்கு ஒடம்பு...”

செல்வி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதியும்படி பிடித்திருந்தாள். வண்டியின் முகப்பில், ஜெரோம் சிவப்புப் பெயின்ட்டில் எழுதியது இருந்தது: ‘வாழைத்தண்டு – சிறுநீரகம் சுத்தமாக’.

“வாளில கலர் இல்ல சார்” என்றாள்.

“அப்பக் குடி. வாளியில இருந்து. குனியாம, எங்க கண்ணு முன்னால.”

அவள் டம்ளரைக் கழுவினாள். அருகம்புல் வாளியில் முக்கினாள். நுரை விளிம்பில் நின்றது. குடித்தாள். ஒரே மூச்சில் முடியவில்லை. நடுவில் நிறுத்தி மூச்சு விட்டுவிட்டு மறுபடி குடித்தாள். கவிழ்த்துக் காட்டினாள்.

“எல்லாத்துலயும்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஜெரோம், “போதும் சார்” என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் வாழைத்தண்டு குடித்தாள். வெண்பூசணி குடித்தாள். நெல்லிக்காய் தொண்டையில் இறங்காமல் கொஞ்சம் வெளியே வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் குடித்தாள். நான்காவது டம்ளரைக் கவிழ்த்தபோது இரண்டு சொட்டு அவள் பாதத்தில் விழுந்தது. படமெடுத்துக்கொண்டிருந்தவர் போனை இறக்கினார்.

ஸ்தனிஸ்லாஸ் பச்சைத் தண்ணீரைக் கீழே கொட்டி, டப்பாவைத் தூக்கிச் சாக்கடையில் போட்டார்.

“சரி, விடு. இனிமே இந்த மாதிரிச் சாமானெல்லாம் வண்டிக்குக் கொண்டு வராத. நம்பி வர்றோம்ல. எனக்கு ஒரு வாழத்தண்டு.”

செல்வி ஊற்றிக் கொடுத்தாள். அவருக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது. ஜீவிதா பச்சை விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே அருகில் வந்து, “ஸாரிக்கா, நான் வேணும்னு பண்ணல” என்றாள். பிறகு ஒரு அருகம்புல் கேட்டாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம் செல்வி” என்றான் ஜெரோம் காதோரம். “இப்பவே.”

“இவங்க முடிச்சிட்டுப் போகட்டும். பாதியில வண்டிய எடுத்தா என்ன நெனைப்பாங்க?”

ஸ்தனிஸ்லாஸ் குடித்து முடித்து மீசையைத் துடைத்தார். “நாளையில இருந்து நாலையும் குடிச்சுக் காட்டிரும்மா. அதுதான் எல்லாருக்கும் ஒரு திருப்தி. ஆறு மணிக்கெல்லாம் குடிச்சிரு, வேலைக்குப் போறவங்க நிக்கிறாங்கல்ல.”

“சரிங்க சார்” என்றாள் செல்வி.

வரிசை வாசல் தாண்டி ரோடு வரைக்கும் நீண்டிருந்தது. அவள் வலது கையால் கப்புகளை எடுத்து, முக்கி, நீட்டிக்கொண்டிருந்தாள். இடது கை சேலைக்குள், நெஞ்சின் மேல் இருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்தது வருகிறதா என்று அந்தக் கை பார்த்துக்கொண்டே இருந்தது.