ஏழாவது பாகத்தில் மாறிவிடுவான்

சாம்பல்பூனை என்ற புனைபேரில் ஒரு கேள்வி வந்தபோது அவள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவும் மறு கையில் போனுமாக உட்கார்ந்திருந்தாள். 'அக்கா, ஒரு தொடர் தேடறேன். பேர் மறந்துடுச்சு. புதுசா கல்யாணம் ஆன ஜோடி. ஹீரோவுக்கு அவ மேல உசுரு. வேலைக்குப் போறப்ப வெளியில பூட்டிட்டுப் போவான், யாராவது அவளைக் கூட்டிட்டுப் போயிடுவாங்களோன்னு பயம். சாயங்காலம் ஆறரைக்கு வந்ததும் அவ போனை வாங்கிப் பார்ப்பான். கடைசியில என்ன ஆகும்னு தெரியணும்.' படித்ததும் அவளுக்குக் கை பரபரத்தது. பேர் மறந்துபோன தொடரைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. பத்தொன்பது வருஷமாக அந்தப் பின்னறையில் லென்ஸ் தேய்த்து, ஃபிரேமில் பொருத்தி, திருகு முடுக்கிக்கொண்டிருக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். வேலை போக மீதி நேரமெல்லாம் ஜப்பான்காரர்கள் வரைகிற காதல் படக்கதைதான். மங்கா என்று பேர். "இந்த வயசுல மாங்கா என்ன வேண்டிக் கிடக்கு?" என்று அண்ணி கிண்டல் பண்ணுவாள். பண்ணட்டுமே. நாத்தனார் இணையத்தில் எழுதுகிற விமர்சனத்துக்காக நாலாயிரம் பேர் காத்துக் கிடப்பது அண்ணிக்கு எங்கே தெரியும்? எந்தத் தொடரை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, 'நம்பிப் படிக்கலாம், சேர்ந்துடுவாங்க' என்றோ 'வேண்டாம்மா, அழ வெச்சுடுவாங்க' என்றோ முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிடுவாள். அதனால் ரசிகர்கள் வைத்த பேர், கடைசிப்பக்கம் அக்கா. இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு தொடர். ஆண்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்தான். இருந்தும் அந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

சும்மா சொல்லக்கூடாது, வாசகர்களும் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார்கள். தீவு மாளிகையில் மனைவியைச் சிறை வைக்கும் இளவரசன் கதை என்றார் ஒருவர். இல்லை, ரத்தக்காட்டேரி மாப்பிள்ளை கதை என்றார் இன்னொருவர். சாம்பல்பூனை ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் போட்டது. 'அது இல்லைங்க. இதுல ஹீரோ சாதாரண ஆளு, லாரி ஷெட்டுல வேலை. முன்பல்லு ஒண்ணு உடைஞ்சிருக்கும்.' மறுநாள்: 'மூணாவது மாடி வீடு. சமையலறை ஜன்னல்ல எட்டிப் பார்த்தா ஸ்கூல் பின்சுவர் தெரியும்.' அதற்கும் மறுநாள்: 'ஷாம்பு பாட்டில்ல பேனாவால கோடு போட்டு வெச்சிருப்பான். அவ கண்ணாடி ஒரு பக்கம் நூல் சுத்தியிருக்கும். போன்ல அவ யார்கிட்ட பேசினான்னு நோண்டுவான், ஆனா படக்கதை படிச்சா விட்டுடுவான், சின்னப்புள்ளைங்க சமாச்சாரம்னு.' 'அட, செம ரியலா இருக்கே, கிடைச்சா எனக்கும் லிங்க் போடுங்க' என்று ஒருத்தி எழுதினாள். எதிலெதிலோ புகுந்து தேடியும் கிடைக்கவில்லை. பத்து நாள் ஆனதும் கடைசிப்பக்கம் அக்காவுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. தெரியாது என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

'பேர் கிடைக்கல கண்ணு' என்று எழுதினாள். 'ஆனா இந்த மாதிரி ஹீரோவெல்லாம் எனக்கு அத்துப்படி. சின்ன வயசுல அம்மா விட்டுட்டுப் போயிருப்பாங்க, அதான் பூட்டறான். அஞ்சாவது பாகத்துல அவ ஓடிப்போகப் பார்ப்பா, கொட்டற மழையில தேடிக் கண்டுபிடிச்சுடுவான். அவ எதிர்த்துப் பேசாம பொறுமையா இருந்தா, ஏழாவது பாகத்துல சாவியை அவ கையில குடுத்துட்டு ஓன்னு அழுவான். மாறிடுவான். நம்பிப் படிக்கலாம்.' அதற்கு இருநூற்றுப் பதினாறு பேர் இதயம் போட்டார்கள். சாம்பல்பூனை மட்டும் ஒன்று கேட்டது. 'ஏழாவது வரைக்கும் பொறுத்தா போதும்தானே அக்கா?' போதும் என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டாள்.

நாலு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலையில், ஒரு ஆள் உடைந்த ஃபிரேம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். குழந்தை மேலே உட்கார்ந்துவிட்டது என்றான். அவள் அதை விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். குழந்தை உட்கார்ந்தால் கால்கள் இரண்டும் விரிந்துபோகும். கை தவறி விழுந்தால் லென்ஸ் ஓரம் பெயரும். இதில் மூக்குத்தாங்கிகள் உள்பக்கமாக மடங்கியிருந்தன, இடுக்கில் அரக்கு நிறத்தில் ஏதோ காய்ந்திருந்தது, இடது காலை நூல் சுற்றி நிறுத்தியிருந்தார்கள். முகத்தில் இருக்கும்போதே அடி வாங்கிய ஃபிரேம் இப்படித்தான் இருக்கும். வருஷத்துக்கு நாலைந்து வரும். நமக்கெதற்கு வம்பு என்று துடைத்து, நிமிர்த்தி, பளிச்சென்று கொடுத்துவிடுவாள். அன்றைக்கும் அப்படித்தான் கொடுத்திருப்பாள். இடுக்கியால் அந்த நூலைப் பிரிக்கும்போதுதான் கை நின்றது.

எந்தப் படக்கதைக்காரர் கதாநாயகியின் கண்ணாடியில் நூல் சுற்றி வரைந்திருக்கிறார்? முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒருத்தனுக்காவது முன்பல் உடைந்திருந்ததா? லாரி ஷெட்டில் வேலை பார்க்கிற கதாநாயகனை யார் வரைவார்கள்? எழுந்து முன்பக்கம் போய் அந்த ஆளின் வாயைப் பார்த்தாள். வரிசையாக, முழுசாகப் பல் இருந்தது. இவன் வேறு ஆள், வேறு வீடு.

"கண்ணாடி யாருதுங்க?"

"வீட்டுக்காரியோடதுதான்."

"அவங்களை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. முகத்துல வெச்சுப் பார்த்தாத்தான் அளவு சரியா வரும்."

"அதெல்லாம் வேண்டாம். சீக்கிரம் குடுங்க, போகணும்."

கொடுத்தாள். அவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

கடையில் கண் பரிசோதிக்கிற அக்காவிடம் போனைக் காட்டி முதலிலிருந்து சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். "நான்தான்க்கா பொறுத்துக்கோன்னு சொன்னேன். பெரிய இவ மாதிரி சொன்னேன். அந்தப் பொண்ணு உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கேட்டிருக்கு, நான் மழையில தேடுவான், மண்ணுல தேடுவான்னு கதை அளந்திருக்கேன்."

"அழுது என்ன ஆகப் போகுது? 'அது நீதானா'ன்னு நேரா கேட்டுடு."

"அவன் பார்த்துட்டா?"

அக்கா, "அப்போ அவ பேசின மாதிரியே நீயும் பேசு," என்று சொல்லி, ஒரு சீட்டில் பெண்கள் உதவி எண்ணை எழுதிக் கொடுத்தாள்.

சனி, ஞாயிறு சாம்பல்பூனையின் புருஷன் வீட்டில் இருப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். திங்கட்கிழமை காலை பத்தரைக்கு, இல்லாத ஒரு தொடருக்கு விமர்சனம் எழுதிப் போட்டாள். 'ஒரு வழியாகக் கிடைத்துவிட்டது. சாம்பல்பூனை தேடிய தொடர் இதுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சேர மாட்டார்கள், சேரவும் கூடாது. ஏழு பாகம் இல்லை, எழுபது பாகம் வந்தாலும் இவன் மாற மாட்டான். இரண்டாம் பாகத்தில், அவன் வேலைக்குப் போன பிறகு, ஒரு காலை நேரத்தில் அவள் போன் பண்ணுகிறாள். அந்த எண்ணை முழுப் பக்கத்துக்குப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள்.' எண்ணையும் போட்டாள். 'வந்தவர்களே கதவைத் திறக்கிறார்கள். மாற்றுத்துணி, சர்டிபிகேட் எல்லாம் ஒரே பையில் தயாராக வைத்திருக்கிறாள். கீழே இறங்கி அந்த ஸ்கூல் பின்சுவர் ஓரமாக நடக்கிறாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று கூட நடக்கிறவள் சொல்கிறாள். இதுவரை நான் படித்ததிலேயே நல்ல முடிவு.'

வாசகர்களுக்குத் தலை சுற்றியது. எங்கே கிடைக்கும், தேடினால் வரவில்லையே என்று கேட்டார்கள். மாறிவிடுவான் என்று போன வாரம் சொன்னீர்களே, இப்போது இப்படிக் கவிழ்க்கிறீர்களே என்று ஒருத்தி சண்டைக்கே வந்தாள். 'நான் சொன்னது தப்பு' என்று எழுதினாள். 'படிக்காமலே சொல்லிட்டேன்.' மிஷினில் லென்ஸை வைத்துவிட்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் போனைப் பார்த்தாள். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. சாம்பல்பூனையின் படத்துக்குப் பக்கத்தில், ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி வரவே இல்லை. இரண்டு லென்ஸ் ஓரம் தெறித்து வீணாயிற்று. ஒருவேளை கிளம்பிவிட்டாளோ, அதனால்தான் வரவில்லையோ என்று ஒரு நப்பாசை கூட வந்தது. மூன்று மணிக்கு மேல் புள்ளி எரிந்தது. கீழே ஒரு பதில் விழுந்தது.

'மேடம், உங்க கதையை இப்பதான் படிச்சேன். நல்லா எழுதறீங்க. ஏழாவது வரைக்கும் பொறுமையா இருக்கச் சொன்னதும் நீங்கதானே. இனிமே இவ எதையும் தேட மாட்டா.'

சாம்பல்பூனை ஒரு நாளும் அவளை மேடம் என்று கூப்பிட்டதில்லை. மணி மூன்றே கால். ஆறரைக்கு வர வேண்டியவன் வீட்டில் இருக்கிறான். அவள் உதவி எண்ணை அழுத்திவிட்டுக் காத்திருந்த அந்த நேரத்துக்குள், திரையில் யாரோ எழுதினார்கள்: 'ஐயையோ, ஹீரோவே நேர்ல வந்துட்டாரு!' அடுத்து ஒருத்தி: 'செம டயலாக், புல்லரிச்சுடுச்சு.' அவன் எழுதியதற்குக் கீழே இதயம் விழ ஆரம்பித்தது. நிறுத்துங்கடி என்று கத்த வேண்டும் போலிருந்தது. எழுதினால் அவன் படிப்பான்.

"சொல்லுங்கம்மா, அந்தப் பொண்ணு பேர் என்ன?" என்றது போனில் ஒரு பெண் குரல்.

"தெரியாதுங்க."

"சரி, எந்த ஊரு?"

"அதுவும் தெரியாது. மூணாவது மாடி. ஜன்னல்ல பார்த்தா ஸ்கூல் சுவர் தெரியும். அவன் லாரி ஷெட்டுல வேலை பார்க்கறான், முன்பல்லு உடைஞ்சிருக்கும்."

"ஊருக்கு நூறு ஷெட்டு இருக்கேம்மா. வேற ஏதாவது?"

அவள் விரலால் மேலே தள்ளித் தள்ளி, சாம்பல்பூனை எழுதியதையெல்லாம் ஒன்று விடாமல் வாசித்தாள். ஷாம்பு பாட்டில் கோடு, பூட்டு, ஆறரை மணி, நூல் சுற்றிய கண்ணாடி. மறுமுனையில் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றாள். அவன் பதிலுக்குக் கீழே இதயம் நாற்பதைத் தொட்டிருந்தது. பச்சைப் புள்ளி அணைந்தது. அணைந்த பிறகும் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று ஏறிக்கொண்டே இருந்தது.