மரகதத்தின் ஐந்து சத்தங்கள்

குக்கர் விசில் பீரோவுக்குள்ளிருந்து வந்தது. சேலைகளுக்கு நடுவே அமுங்கி ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சிகாமணி உள்ளே வந்து பார்த்தபோது, மரகதம் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு மடித்த சேலைகளுக்கிடையே அடுப்பின் திருகைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அந்த ஊரில் வீட்டுச் சத்தங்கள் இடம் மாறிவிடும். சுவரில் ஓதம் ஏறுவது போல அதுவும் ஒன்று. குழாய் சொட்டுவது கட்டிலுக்கடியில் கேட்கும். காலிங் பெல் அரிசி டிரம்மில் அடிக்கும். வசதியுள்ளவர்கள் சத்தங்களை இடத்துக்குத் திருப்பப் பதினோரு சேனல் ரிசீவர் வைத்திருந்தார்கள். அவர்கள் வீட்டில் கொசுகூடத் தான் இருக்கும் இடத்திலிருந்தே பாடும். தெருச் சத்தங்களை நகராட்சி பார்த்துக்கொண்டது. தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் பெரிய ரிசீவர் ஒன்றை ஏற்றி வைத்து, பஸ், மாடு, கோயில் மணி எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் நிறுத்தியிருந்தது. மிச்சப் பேர் தை பிறக்கும்வரை பொறுத்துக்கொள்வார்கள். கண் இருக்கிறவர்களுக்குச் சத்தம் எங்கிருந்து வந்தால் என்ன?

மரகதத்துக்குக் கண் தெரியாமல் போய் வெகுகாலமாயிற்று. அதைப் பற்றிய வருத்தத்தையெல்லாம் அவள் எப்போதோ செலவழித்து முடித்துவிட்டாள். வீட்டைக் காதால் அளந்து வைத்திருந்தாள். போன வருஷம்வரை அவர்கள் வீட்டுப் பழைய ரிசீவர் ஒழுங்காக வேலை செய்தது. இந்த மழையின் முதல் இடியில் அது புகைந்து நின்றுபோனது. அன்றிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்தால் அவள் சுவரில் இடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, அடுப்பு எங்கீங்க போச்சு?"

"அது அங்கயேதான் இருக்குது மரகதம். நான் போயி அணைக்கறேன்" என்றார் சிகாமணி. அவர் குரல் பரணிலிருந்து வந்தது. அவள் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு பதில் சொன்னாள்.

"நான் ஒரு முடிவுக்கு வந்துட்டனுங்க. இனிமே பஸ் ஸ்டாண்டுலயே இருந்துக்கறேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கொஞ்ச நாளாகவே காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சாயங்காலம்தான் திரும்பினாள். அங்கே சத்தியமங்கலம் பஸ் நிற்கும் இடத்தில்தான் சத்தியமங்கலம் பஸ் உறுமும். டீக்கடை பாய்லர் டீக்கடையில் சீறும். யார் கையையும் பிடிக்காமல் அவள் மேடைக்கு மேடை நடந்தாள். பழக்காரியிடம் கொய்யா பேரம் பேசினாள்.

"அங்கயே எப்பிடி இருப்பே? படுக்க கிடுக்க வேண்டாமா?"

"பெஞ்சு இருக்குதுங்கல்ல. நீங்க சோறு மட்டும் கொண்டாந்து குடுத்துட்டுப் போங்க. இந்த ஊட்டுக்குள்ள எனக்கு நாற்காலியத் தவிர ஒண்ணும் மிஞ்சலைங்க."

கட்டில் ஓரத்தில் ஒரு பை தயாராக இருந்தது. தலையணை, சீப்பு, மாற்றுச் சேலை. சிகாமணி பையைப் பார்த்தார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"ரிசீவர் வாங்கிரலாம்" என்றார். இந்த முறை குரல் செருப்பு ஸ்டாண்டிலிருந்து வந்தது. "அஞ்சு சேனல் வரைக்கும் நம்மால முடியும். எந்த அஞ்சு சத்தம் வேணும்னு நீயே சொல்லு."

மரகதம் பையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு விரல் மடக்கத் தொடங்கினாள். சமையலறைக் குழாய் சொட்டு. அடுப்பு அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால் குக்கருக்குத் தனியாக வேண்டியதில்லை. ஹால் கடிகாரம். குளியலறைக் கதவின் கிரீச். காலிங் பெல்.

நான்கு விரல் மடங்கிவிட்டது. கட்டைவிரல் மட்டும் நின்றது. மஞ்சள் மண்டியில் எடை போடும் சிகாமணிக்கு, மூட்டையை ஏற்றிவிட்டு முள் நிற்கக் காத்திருந்து பழக்கம். அப்படிக் காத்திருந்தார்.

"பால்கனிக் கொடிக்கம்பி" என்றாள் மரகதம். "காத்துக்குச் சிணுங்குமுங்கல்ல, அது."

"செரி" என்றார் சிகாமணி. அது எங்கிருந்து வந்தது என்று அவரே கவனிக்கவில்லை.

கடையில் போட்டுப் பார்க்காமல் யாரும் ரிசீவர் வாங்குவதில்லை. சத்தங்களை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். மறுநாள் காலையில் சிகாமணி மூடி போட்ட ஐந்து தூக்குப்போசிகளைக் கழுவித் துடைத்தார். கட்டிலுக்கடியில் ஒன்றைப் பிடித்து, குழாய்ச் சொட்டு கேட்டதும் மூடியை அழுத்தினார். அதன் பிறகு குழாய் சத்தமில்லாமல் சொட்டியது. பிடித்து மூடிய சத்தத்தைத் திறந்துவிடும்வரை அந்தப் பொருள் ஊமைதான். கடிகாரம் வாயை மூடிக்கொண்டு ஓடியது. கதவு மெத்தென்று திறந்தது. கம்பி காற்றில் சும்மா ஆடியது. பெல்லை அழுத்திவிட்டு அரிசி டிரம்முக்கு ஓடிவந்து பிடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது.

ஐந்தையும் ஒயர்கூடையில் அடுக்கியாயிற்று. மரகதம் தலை வாரிக்கொண்டிருந்தாள். சிகாமணி பால்கனிக்குப் போய், சட்டைப்பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து மாத்திரைகளைக் கொட்டினார். டப்பாவை வாயருகே பிடித்து, "மரகதம்" என்று மெதுவாகச் சொல்லி, குரல் இடம் மாறுவதற்குள் மூடினார். கடையில் எப்படியாவது கொசுறாகக் கேட்டு வாங்கிவிடலாம் என்று எண்ணம். ஊமையாகிப்போவது தனக்கும் பொருந்தும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. மண்டியில் எடை போடுகிறவர் தன்னைத் தராசில் சேர்த்துக்கொள்வதில்லை.

"கெளம்பலாமுங்களா?" என்றாள் மரகதம்.

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"ம்" என்றார். அது வந்தது. அது நெஞ்சுக்குள்ளிருந்து வருவது, வாய்க்குச் சம்பந்தமில்லாதது. டப்பாவுக்குள் போகவில்லை.

டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கூடையைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார். "உள்ள என்னுங்க்கா?"

"ஊட்டுச் சத்தமுங்க."

"மூடியெல்லாம் இறுக்கமா இருக்குதுங்களா? போன வாரம் ஒரு அம்மா நாய்க் குரைப்பைக் கொண்டாந்து கொட்டிப்புட்டாங்க. டிப்போ போற வரைக்கும் வண்டி குலைச்சுட்டே ஓடுச்சு. எதுக்க வந்த ஒரு பயலும் வழி உடலை."

"இவரே புடிச்சு மூடுனதுங்க. சிந்தாது" என்றாள் மரகதம்.

"ம்" என்றார் சிகாமணி.

ரிசீவர் கடையைப் பாக்கியம் அக்கா நடத்தினாள். அறுபதைத் தொட்டவள். கொண்டையில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகியிருந்தாள். ஒரு காலத்தில் அங்கே மிக்ஸியும் கிரைண்டரும் விற்றாள். இப்போது ரிசீவர் மட்டும்தான்.

"வா கண்ணு, உக்காரு. அஞ்சுதான? போசி எண்ணுனா தெரியுதே. அட்டைப்பெட்டில போட்டிருக்கற வாட்ஸ் கணக்கையெல்லாம் நம்பாத. அது ஜாதகத்துல எழுதுன மாப்பிள்ளை ஒசரமாட்டம். முதல்ல தூக்கிப் பாரு."

அக்கா எடுத்து வைத்த மூன்று ரிசீவர்களையும் மரகதம் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். முதலாவது முறம் போல லேசாக இருந்தது. அக்கா அதன் பின்னால் வயரைச் செருகி, குழாய்ப் போசியைத் திறந்து சொட்டை உள்ளே விட்டாள். கடையின் இடது மூலையில் ஒரு சொட்டு, விழ வேண்டிய நேரத்துக்குச் சற்றுப் பிந்தி விழுந்தது.

"இது கல்யாணம் முடிஞ்சு பந்திக்கு வர்றதாட்டம் வருதுங்க்கா" என்றாள் மரகதம். "இதை நம்பி நடந்தா நான் குழாயத் தாண்டிப் போயிருவேன்."

இரண்டாவதில் விளக்குகள் அதிகம். அக்கா அதே சொட்டைப் போசியில் திரும்பப் பிடித்து இதில் விட்டாள். சொட்டு சரியான மூலையில்தான் விழுந்தது. ஆனால் அருவி போல விழுந்தது. கடை நனைந்தது. அக்கா ஒரு பழைய துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள். "இது பெரும பேசும் கண்ணு. வேண்டாம்."

மூன்றாவது, கறுப்பாக, மூஞ்சியில் ஒரு திருகு மட்டும் உள்ளது. தூக்க முடியாமல் மரகதம் இடுப்பில் கொடுத்துத் தாங்கிப் பிடித்தாள். சொட்டு, சொட்டாக விழுந்தது. அவள் முகம் அந்தப் பக்கம் திரும்பியது. அடுத்ததாகக் கடிகாரத்தை விட்டார்கள், கதவை, பெல்லை, கம்பியை. அவள் எழுந்தாள். குழாயிடம் போனாள், கதவிடம் போனாள், கம்பிக்குக் கீழே நின்று கையை உயர்த்தித் துணி எடுப்பது போல எடுத்தாள். அந்தக் கடைக்குள் அவள் வீடு இருந்தது. எதிலும் இடித்துக்கொள்ளாமல் ஒரு சுற்று வந்தாள்.

"இதே எடுத்துக்கலாமுங்களா? என்ன சொல்றீங்க?"

"ம்."

"சந்தோசந்தானுங்க?"

"ம்."

மரகதம் நின்றாள். "காலைலருந்து இந்த ம் ஒண்ணுதான் வருது. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவன் காலை மிதிச்சதுக்குக்கூட அதேதான். உங்க சத்தம் எங்கீங்க?"

அவர் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார். அவள் கையை நீட்டி அவர் தோளைத் தொட்டு, சட்டைப்பைக்கு இறங்கி, டப்பாவை எடுத்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. காதில் வைத்துக் கேட்டாள். பிறகு மூடியைத் திறந்தாள்.

"மரகதம்" என்றது டப்பா.

சிகாமணி இருமினார். குரல் திரும்பிவிட்டது. "உன்ற அஞ்சுல நான் இல்லையேன்னுதான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"அட ஆண்டவனே" என்றாள் மரகதம். "குழாயும் கதவும் இருக்கற எடத்துலயே இருக்கற சாமானுங்க. நாந்தான் அதுங்ககிட்டப் போகோணும், அதுக்குத்தான் சத்தம். நீங்க எங்கூட்டு ஓரத்துல நிக்கற சாமானா? நான் கூப்புட்டா நீங்கதான் எங்கிட்ட வந்துருவீங்களே. இத்தனை வருசமா அதுதான நடக்குது?"

"ஆனாலும்" என்றார் சிகாமணி.

"ஆனாலும்" என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

பாக்கியம் அக்கா கொண்டையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை உருவி, ரிசீவரின் பின்புறத்தில் ஓரமாக இருந்த ஒரு துளையைத் தட்டிக் காட்டினாள். "ஒரு சேனல்ல போட்டா இவர் ஒரே எடத்துலருந்துதான் பேசுவாரு. அடுப்புகிட்ட நின்னுட்டிருப்பாரு, சத்தம் நாற்காலிலருந்து வரும். அது ஆகாது. ஆனா இங்க பாரு, கனத்த சத்தத்துக்குன்னு தனியா ஒரு பொட்டி இதுகூடவே வருது. அந்தப் பொட்டிக்கு எடமே கெடையாது கண்ணு. கட்டிலுக்கடில போட்டாலுஞ் செரி, கதவுக்குப் பின்னால போட்டாலுஞ் செரி, கனத்த சத்தம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு ஆராலயும் சொல்ல முடியாது. ஊடு முழுக்க ஒண்ணாட்டக் கேக்கும். எல்லாரும் மோட்டார் சத்தத்தையோ மாமனார் குறட்டையையோ போடுவாங்க."

"இவரு சத்தம் நூலாட்டம் சன்னமாச்சுங்களே."

"இந்தச் சத்தத்தை ஆரு கேட்டா? அந்த ம் இருக்குதுல்ல, அதைப் போடறது."

மரகதம் காலி டப்பாவை அவர் சட்டைப்பையில் திரும்பப் போட்டாள். பிறகு, "பழைய ரிசீவர் புகைஞ்சதுலருந்து நான் பேசறப்ப நீங்க ம் கொட்டறது பரண்ல ஒண்ணு, பாத்ரூம்ல ஒண்ணுன்னு கேட்டுச்சுங்க" என்றாள். "ஆரோ வேற ஆள் கேக்கறாப்பல இருந்துது. அதனாலயே பேச்சைக் கொறச்சுட்டேன். போடுங்க்கா."

அக்கா ஒரு காலிப் போசியை நீட்டினாள். சிகாமணி அதற்குள் ம் என்றார்.

"ஒரு நல்லெண்ணம் இருந்தாத்தானுங்க இப்பிடிப் பாத்துப் பாத்துக் குடுக்க முடியும்" என்று கைகூப்பினாள் மரகதம். அக்கா கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். மரகதம் சரியாக அந்தப் பக்கம் திரும்பியே கும்பிட்டாள்.

ரிசீவர் வீட்டுக்கு வந்தது. அதோடு வந்த சின்ன மைக்கை மரகதத்தின் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு இருவரும் வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரிசீவர் வீட்டின் ஒவ்வொரு மூலையையும் பார்த்துக் குரல் கொடுத்து, மைக் வழியாகக் கேட்டு அளந்துகொண்டது. அளந்து முடித்ததும் கடிகாரம் கடிகாரத்தில் ஓடியது. மரகதம் உள்ளே நடந்தாள். குழாயடிக்குப் போய்ப் பக்கத்து அடுப்பைத் தடவி, பால் வைத்தாள். பால்கனிக்குப் போய்க் கொடிக்கம்பியைத் தொட்டாள். திரும்பி வந்து பையிலிருந்து தலையணையை எடுத்துக் கட்டிலில் போட்டாள். சீப்பை அதன் ஆணியில் மாட்டினாள்.

அதற்குப் பிறகு பேச ஆரம்பித்தாள். பழக்காரி, அவள் மகன், கொய்யாவின் விலை, பஸ் ஸ்டாண்டில் யார் யாரை எங்கே விட்டுவிட்டுப் போனார்கள் என்பதெல்லாம். சிகாமணி காய்ந்த துணிகளைக் கட்டிலில் குவித்து மடித்துக்கொண்டே ம் கொட்டினார். அது பரணில் இல்லை, பாத்ரூமில் இல்லை. தரையிலும் பாத்திரங்களிலும் கட்டில் காலிலும் ஒரே சமயத்தில் இருந்தது. மரகதம் எந்தப் பக்கமும் திரும்பாமல், இருந்த வாக்கிலேயே பேசினாள். அவருக்கு யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. கையில் இருந்த துண்டை இன்னும் கொஞ்சம் நேர்த்தியாக மடித்தார்.

காலிங் பெல் வாசலில் அடித்தது. மரகதமே போய்க் கதவைத் திறந்தாள். கீழ் வீட்டுப் பழனாத்தாள். பேரன் பேத்தியெல்லாம் வெளியூரில்; தனியாக இருக்கிறவள்.

"உங்கூட்டுக்காரரு ம்-ங்கறது எங்கூட்டுத் தரையில கேக்குது மரகதம்" என்றாள்.

"கொறச்சு வெக்கச் சொல்றனுங்க, அத்தை."

"கொறச்சு கிறச்சு வெச்சுப்புடாத. என்ற மருமக பண்ணுனதுல பாதி சொல்லியாச்சு, பொறுமையாக் கேட்டுக்கிட்டாரு. இப்ப நடுவுல நீ பால் பொங்குதுன்னு கூப்புட்டயா, அவுரு ம்-ங்கறதை நிறுத்திப்புட்டாரு. அதான் வந்தேன். மிச்சம் பாதி இருக்குது. நான் கீழ போயி ஆரம்பிக்கறேன்."

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். மரகதம் கதவைச் சாத்தினாள். சிகாமணி குவியலிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்து, உதறி, மூலைக்கு மூலை சேர்த்து மடிக்க ஆரம்பித்தார்.

"ம்" என்றார்.