மாச்சோவின் நாற்காலி

கியோக் லான் மேல் கடல்தாய் மாச்சோ இறங்குவது நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவளைத் தவிர அது யாருக்கும் தெரியாது.

அவள் புருஷனைக் கடல் கொண்டுபோன வருஷம், மாச்சோவின் பிறந்தநாள் பூசையில்தான் முதன்முதலாக அவள் உடம்பு நடுங்கியது. காணாமல்போன படகு எந்தச் சதுப்புக்காட்டுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கிறது என்று யாரோ ஒரு கிழவியின் குரலில் சொன்னாள். போய்ப் பார்த்தார்கள். படகு அங்கேயே இருந்தது. அதில் இரண்டு பேர் உயிரோடு இருந்தார்கள், அவள் புருஷன் இல்லை. அன்றிலிருந்து அவள்தான் எங்கள் தீவின் சாமியாடி. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மஞ்சள் அங்கியை மாட்டி, சிவப்பு நாற்காலியில் உட்காரவைத்து மேளம் தட்டுவார்கள். காலிலிருந்து குளிர்ந்த நீர் ஏறுவதுபோல இருக்கும். அது கழுத்தைத் தொட்டதும் அவளுக்கு நினைவு போய்விடும்.

ஒரு பௌர்ணமியன்று அந்த நீர் ஏறவில்லை. மேளம் ஓயாமல் அடித்தது. ஊரே ஊதுபத்தியும் கையுமாக நின்றது. பயத்தில் தலையை ஆட்டினாள், குரலை மாற்றினாள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அதன்பிறகு அவளுக்கு நிம்மதி இல்லை. வாய்க்கு வந்தபடி “வடக்கே போ” என்பாள், ஆட்கள் வடக்கே வலை போடப் போவார்கள். அவர்கள் திரும்பும்வரை கடலுக்குமேல் போட்ட பலகைப் பாதையின் முனையில் போய் நின்றுகொள்வாள். சோறு இறங்காது. அவள் நிற்பதைப் பார்த்து, அம்மா கடலுக்குக் காவல் நிற்கிறாள் என்று பெண்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அவள் மனசுக்கு நெருங்கியவன் வீ லியாங் ஒருவன்தான். அக்கரையில் கிள்ளானிலிருந்து மீனுக்கு ஐஸ் ஏற்றிப் படகு ஓட்டி வருகிறவன், மனைவியை இழந்தவன். “என்கூட வந்துடு” என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். ஆனால் சாமியாடி மறுமணம் செய்வதில்லை. தீவைவிட்டுப் போய்த் தங்குவதும் இல்லை.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒருவன் வந்து, புதுப்படகில் மகன்களையும் ஏற்றிக்கொண்டு ஆழ்கடலுக்குப் போகலாமா என்று கேட்டான். கியோக் லானால் அதற்கு மேல் நடிக்க முடியவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து அங்கியைக் கழற்றிப்போட்டாள்.

“மாச்சோ வரல. வந்து ஒரு வருஷமாச்சு. இவ்வளவு நாளும் பேசினது நான்தான். என்னை விட்டுடுங்க.”

மேளம் நின்றது. கோயில் தலைவர் தியாம் சூன் அவள் முன்னால் வந்தார். பிறகு மெல்ல மண்டியிட்டார்.

“அம்மாவுக்கு நம்ம மேல கோபம்.”

“அம்மா இல்ல மாமா, நான்! உங்க வீட்டுல உப்பு கேட்டு வர்றவ!”

“பார்த்தீங்களா, எவ்வளவு கோபம்னு” என்று அவர் பின்னால் திரும்பிச் சொன்னார். எல்லாரும் மண்டியிட்டார்கள்.

குறி கேட்கும் இரண்டு பிறைக்கட்டைகளை எடுத்து, பேசியது தாய்தானா என்று கேட்டுத் தரையில் போட்டார். ஒன்று மல்லாந்தும் ஒன்று கவிழ்ந்தும் விழுந்தன. ஆம். மறுபடி போட்டார். ஆம். மூன்றாவது தடவையும் அதே பதில்தான். மறுநாள் ஊர் கூடி ஒரு முழுப் பன்றியைப் படைத்து மாச்சோவைச் சமாதானப்படுத்தியது. அந்தப் புதுப்படகு மட்டும் கடலுக்குப் போகவில்லை. அவளுக்குக் கிடைத்த ஆறுதல் அவ்வளவுதான்.

துணிமூட்டையோடு படகுத்துறைக்குப் போனாள். பயணிப்படகு ஓட்டுகிற ஆ பெங் அவளைப் பார்த்ததும் சிகரெட்டைக் கீழே போட்டான்.

“எங்கக்கா?”

“கிள்ளானுக்கு. பல்வலி.”

“இங்கயே பல் பிடுங்குற ஆள் இருக்காரே?”

“அந்த ஆளு பிடுங்கினா தாடையும் சேர்ந்து வரும்.”

ஆ பெங் சிரித்துவிட்டான். ஆனாலும் கயிற்றை அவிழ்க்கவில்லை. “கோவிச்சுக்காதீங்கக்கா. கட்டை போட்டு அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. கேக்காம உங்களை ஏத்திக்கிட்டுப் போயி நடுக்கடல்ல இஞ்சின் நின்னா, என் பிள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்றது?”

மற்றப் படகுக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். தீவைச் சுற்றி நாலாப்பக்கமும் தண்ணீர். அவளுக்கு நீந்தத் தெரியாது.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. உண்மை சொல்லி வெளியே போக முடியவில்லை, பொய் சொல்லியாவது போகலாம். அடுத்த அமாவாசையில் தலையை ஆட்டி, அந்தக் கிழவிக்குரலை வரவழைத்தாள்.

“என் மகள் கியோக் லானைக் கரைக்கு அனுப்பு. அவள் அங்கேயே இருக்கட்டும்.”

“உத்தரவு தாயே” என்றார் தியாம் சூன்.

கியோக் லான், ஐஸ் இறக்க வந்த வீ லியாங்கிடம் காதோடு காதாகச் சொல்லி அனுப்பினாள். அவன் அக்கரையில் காத்திருப்பதாகச் சொன்னான்.

குறித்த நாளில் அவள் துறைக்கு வந்தபோது, தீவிலிருந்த படகுகள் எல்லாம் கொடி கட்டி நின்றன. பல்லக்கில் மாச்சோ சிலை, மேளம், வெடி, சமையல் பாத்திரங்கள்.

“இதெல்லாம் எதுக்கு மாமா?”

“அம்மா கரையில இருக்கணும்னு ஆசைப்படுறாங்க. தனியா விடுவோமா? அங்க நம்ம ஆளுங்க வீடு இருக்கு. ஒரு நாற்காலி போட்டா கோயில்தானே. முறை வச்சு உங்களுக்குத் துணை இருப்போம்.”

கிள்ளான் துறையில் வீ லியாங் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றிருந்தான். நாற்பது படகுகள் மேளத்தோடு வருவதைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. கூட்டம் பல்லக்கை இறக்கிக்கொண்டிருந்த சமயத்தில் அவள் அவன் பக்கத்தில் போனாள்.

“வா, இப்பவே போயிடலாம். வண்டி எங்கே?”

அவன் நகரவில்லை. “என்னைக் கூப்பிடுறது யாரு?”

“நான்தான்டா. வேற யாரு?”

“அன்னைக்குக் கோயில்லயும் அம்மா இப்படித்தான் சொன்னாங்களாம். கட்டை மூணு தடவையும் அம்மான்னுதானே விழுந்துச்சு.”

“உன்கிட்டகூட நான் நிரூபிக்கணுமா?”

“எனக்குத் தெரியல கியோக் லான்.” அவன் கண் கலங்கியது. “நான் தினமும் கடல்ல போறவன். மாச்சோவோட ஆளைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு எந்தத் தைரியத்துல படகை எடுப்பேன்?” அப்படியே மண்டியிட்டுத் தலையைத் தாழ்த்தினான். மற்றவர்கள் அதைப் பார்த்து ஆரவாரித்தார்கள். யாரோ வெடியைக் கொளுத்தினார்கள்.

அவனைத் திட்டக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. “திரும்பிப் போகலாம்” என்று தன் சொந்தக் குரலிலேயே சொன்னாள். “உத்தரவு” என்று பாத்திரங்களைத் திரும்பவும் ஏற்றினார்கள். அன்று சாயங்காலம் மறுபடியும் தீவில் இருந்தாள்.

அதன்பிறகு கடலைப் பற்றி யார் எது கேட்டாலும் “வானொலியில் வானிலை கேட்டுவிட்டுப் போ” என்றே சொன்னாள். மாச்சோ காலத்துக்கேற்ப மாறிவிட்டாள் என்று ஊர் பெருமைப்பட்டது. வீ லியாங் ஐஸ் இறக்கிவிட்டு, கோயில் பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவான்.

அடுத்த பிறந்தநாள் பூசையில், இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை செய்கிற மெய் ஹுவி திடீரென்று நடுங்கத் தொடங்கினாள். பதினாறு வயதுப் பெண். கண் மேலே செருகியது, பற்கள் அடித்துக்கொண்டன. கூட்டம் விலகி வழிவிட்டது. தியாம் சூன் நாற்காலியைப் பார்த்தார், கியோக் லானைப் பார்த்தார்.

அந்தப் பெண்ணை ஏற்றுக்கொண்டால் கியோக் லானை விட்டுவிடுவார்கள். நாற்காலியைவிட்டு எழுந்தால் மட்டும் போதும். எழுந்தாள். கூட்டத்துக்குள் போய் அவளைத் தாங்கிப் பிடித்தாள். சின்னக் கைகள், இறால் வாடை, விரலெல்லாம் முள் கீறிய காயம். காலிலிருந்து குளிர் ஏறுகிறதா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

கிழவிக்குரலில் சொன்னாள்: “இது என் ஆள் இல்லை. விரதம் இருந்த மயக்கம். வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கஞ்சி கொடுங்கள். இனி இவளைப் பூசைக்கு முன்வரிசையில் நிறுத்தக்கூடாது.”

“உத்தரவு தாயே.”

அந்தப் பெண்ணின் அம்மா அழுதுகொண்டே மகளைத் தூக்கிப்போனாள். அடுத்த வருஷமே மெய் ஹுவி கோலாலம்பூரில் ஒரு தையல் ஆலைக்கு வேலைக்குப் போனாள். ஆ பெங்தான் படகில் ஏற்றிக்கொண்டு போனான், யாரும் தடுக்கவில்லை.

பிறந்தநாள் பூசையன்று, அவளைத் தூக்கிப்போன பிறகு, மேளக்காரன் குச்சியோடு காத்திருந்தான். கியோக் லான் அங்கியைச் சரிசெய்துகொண்டு போய் உட்கார்ந்தாள்.