முலாம் என்ற வார்த்தை

அந்த நகைக்கடையில் வாயில் வரக்கூடாத வார்த்தை ஒன்று உண்டு: முலாம். வெள்ளைத் தங்கம் வாங்க வருகிறவர் காதில் அது விழுந்தால் அடுத்த நிமிடமே எழுந்து போய்விடுவார் என்பது முதலாளியின் அசைக்க முடியாத நம்பிக்கை. அவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட விற்பனையாளர்களில் பளபளாதான் முதல் ஆள். எதைக் காட்டினாலும் "பளபளன்னு இருக்கு பாருங்க" என்பான். பட்டப்பெயரே அப்படி ஒட்டிக்கொண்டது. சொந்த அக்கா போடுவதற்காக அவள் புருஷனுக்கு வெள்ளைத் தங்க மோதிரம் விற்றபோதுகூட அவன் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பகல் வேளையில் அந்த மோதிரத்தோடு அக்கா கடைக்குள் வந்தாள். அவள் நீச்சல் சொல்லிக் கொடுப்பவள். குளத்தின் மறுகோடியில் இருக்கும் பிள்ளைக்கும் கேட்கும்படி கத்திப் பழகியதால், ரகசியம் பேசினாலும் நாலு பேருக்குக் கேட்கும். பளபளாவுக்கு எதிரே, கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி உட்கார்ந்து வெள்ளைத் தங்க மோதிரங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதைப் பாருடா. அசலா, போலியா? ஒரே வார்த்தையில சொல்லு," என்றாள் அக்கா. "உன் மாமாகிட்ட நான் பேசி எட்டு நாளாச்சு. போலின்னா இனிமே பேசப் போறதே இல்ல."

மோதிரத்தின் அடிப்பக்கம் மஞ்சள் தட்டியிருந்தது. பார்த்ததுமே பளபளாவுக்குப் புரிந்துவிட்டது. மேலே பூசிய ரோடியம் என்ற வெள்ளை உலோகம் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சொல்லிவிடலாம். ஆனால் எடுத்த எடுப்பில் அந்த வார்த்தையைத்தான் சொல்லியாக வேண்டும். இந்தப் பக்கம் ஜோடி, அந்தப் பக்கம் முதலாளி.

"உள்ள போய்ப் பார்த்துட்டு வரேன்க்கா, உட்காரு," என்று நழுவினான். பின்கட்டில் இருந்த பட்டறைக்காரர் மோதிரத்தைத் தேய்த்து, கழுவி, ரோடியத்தில் முக்கி எடுத்தார். அரைமணி நேரத்தில் புத்தம் புதிதாக ஆகிவிட்டது. சத்தமில்லாமல் காரியத்தை முடித்தோமே என்று பளபளா தன்னைத் தானே மெச்சிக்கொண்டு திரும்பினான்.

மோதிரத்தைப் பார்த்த அக்காவின் முகம் இறுகியது.

"இது வேற மோதிரம்."

"அதேதான்க்கா."

"எனக்கே காது குத்தாதே. மஞ்சளா இருந்தது அரைமணி நேரத்துல வெள்ளையாயிடுமா? அக்கா பாவம்னு புதுசு எடுத்துக் குடுக்கிற. உன் மாமாவே ஒத்துக்கிட்டாருடா! நான் ஊருக்குப் போனப்ப கழட்டி வெச்சிட்டுப் போனேன்ல, அப்ப அதை வித்துட்டு, அதே மாதிரி போலி ஒண்ணு வாங்கி வெச்சாராம்."

பளபளாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மோதிரத்துக்குள் அவனே பொறித்த கல்யாணத் தேதி அப்படியே இருக்கிறது. மாமா எதையும் விற்கவில்லை. மைத்துனன் தன் தலையில் போலியைக் கட்டிவிட்டான் என்று நினைத்திருக்கிறார். அதை அக்காவிடம் சொல்ல மனசு வராமல், திருட்டுப் பட்டத்தைத் தானே சுமந்துகொண்டு எட்டு நாளாகச் சும்மா இருந்திருக்கிறார். நினைக்க நினைக்க அவனுக்கு அவமானமாக இருந்தது. முதலாளியாவது, வேலையாவது!

"முலாம்க்கா!" என்றான். அக்காவுக்குத் தம்பியல்லவா, கடை முழுக்கக் கேட்டது. "தங்கம் பிறவியிலேயே மஞ்சள். பல்லேடியம் மாதிரி வெள்ளை உலோகம் கலந்தாலும் முழுசா வெளுக்காது. அதனால மேல ரோடியம் முலாம் போடுறோம். அது தேயும். உன் கை தினமும் குளோரின் தண்ணியில கிடக்குதா, சீக்கிரமே தேஞ்சிடுச்சு. தேயத் தேய மறுபடி போட்டுக்கணும். உள்ள பாரு, எழுநூத்தி ஐம்பதுன்னு முத்திரை. ஆயிரத்துக்கு அத்தனை பங்கு சுத்தத் தங்கம். பக்கத்துல தேதியில அந்த ஏழு சாஞ்சிருக்கு பாரு, என் கை நடுங்கிப் பொறிச்சது. அதைக் கூடவா போலியில கொண்டு வர முடியும்?"

அக்கா சாய்ந்திருந்த ஏழு என்ற இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் கல்யாணப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அப்ப இது பிளாட்டினம் இல்லையா?"

"இல்லைங்க. அது வேற, இது வேற."

"மட்டமான கம்மல் போட்டா எனக்குக் காது அரிக்கும். இது எப்படி?"

"நிக்கல் கலந்திருந்தா அரிக்கலாம். நீங்க பல்லேடியம் கலந்ததா கேட்டு வாங்குங்க."

முதலாளி அவனைப் பார்வையாலேயே பொசுக்கினார். அந்தப் பெண்ணோ, "இதையெல்லாம் யாராவது வந்து சண்டை போட்டாத்தான் சொல்வீங்களா?" என்று ஒரு குட்டு வைத்துவிட்டு, "சரி, பல்லேடியம் இருக்கிறதை எடுங்க," என்றாள். முதலாளி எழுந்து தானே தட்டை எடுக்கப் போனார்.

"அப்ப அவர் எதுக்குடா வித்துட்டேன்னு சொன்னாரு?" என்றாள் அக்கா.

"எனக்காகத்தான்க்கா. நான் ஏமாத்திட்டேன்னு நினைச்சிருக்காரு. அது உனக்குத் தெரிய வேணாம்னு பழியைத் தானே ஏத்துக்கிட்டாரு."

அக்கா உடனே புருஷனுக்குப் போன் போட்டாள். கை பட்டு ஸ்பீக்கர் வேறு திறந்துகொண்டது. அவள் பேசுவதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"மோதிரத்தைக் காணோமே, கடைக்கா போயிருக்க? தம்பியை ஒண்ணும் சொல்லிடாதம்மா. தப்பு என்னோடதுதான்."

பளபளாவுக்குக் கண் கலங்கிவிட்டது. போனை வாங்கி, "மாமா, மோதிரம் அசல்தான். முலாம் தேயும்னு உங்ககிட்ட நான்தான் சொல்லாம விட்டுட்டேன். மன்னிச்சிடுங்க," என்றான்.

போனில் மாமா வெடித்தார்.

"அடப்பாவி! அன்னைக்கே சொல்லியிருந்தா, எட்டு நாளா நான் சமைச்சதை நானே தின்னுட்டு உட்கார்ந்திருப்பேனா?"

அக்கா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற தம்பிக்கு மட்டும்தான் அவள் பேசியது கேட்டது.

"இன்னைக்கும் நீங்களே சமைங்க. எப்படி இருந்தாலும் வந்து சாப்பிடுறேன்."