கழற்றாத காலர் மைக்

ஞாயிறுதோறும் சபையில் மைக் செட் பார்ப்பது என் வேலை. பிரசங்கமெல்லாம் எனக்குச் செவிடன் காதில் ஊதின சங்கு. குரல் கரகரக்கிறதா, ஸ்பீக்கர் ஊளையிடுகிறதா, அவ்வளவுதான் கேட்பேன். விசுவாசம் என் மனைவியின் இலாகா. கடைசி வரிசையில் என் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். சத்தம் குறைந்தால் காதைத் தொடுவாள், கூடினால் மூக்கைச் சுருக்குவாள். நான் குமிழைத் திருகுவேன். எங்கள் குடித்தனத்தில் அவள் சொல்லி நான் மறுபேச்சில்லாமல் கேட்டது அது ஒன்றுதான்.

அவள் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. அந்த நாற்காலியில் இப்போது வயர் சுருள் கிடக்கிறது. இந்த ஞாயிறோடு வேலையை விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டோடு கிடப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

அன்றைக்குப் பார்த்துப் போதகர் தனிமையைப் பற்றிப் பேசினார். என்னைவிட ரொம்ப இளையவர், கல்யாணம் ஆகாதவர். தாயும் பிள்ளையுமாக மாற்றலாகி வந்தார்கள். வந்த இடத்தில் தாய் இறந்துபோனார். மறு ஞாயிறே மனுஷன் கண் கலங்காமல் மேடையேறிவிட்டார். கல் நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

“ஆண்டவர் உங்களைத் தனியா விடமாட்டார். நீங்க கூப்பிடாட்டியும் தேடி வருவார். உங்க மேல அவருக்கு அவ்வளவு அன்பு” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கே வந்தார்? ஒரு வருடமாக என் கதவைத் தட்டியது கரண்ட் மீட்டர் பார்க்கிறவர் மட்டும்தான். அவரும் என்னைப் பார்க்க வரவில்லை. ஊருக்கு உபதேசம் என்று முணுமுணுத்தேன்.

ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்தது. போதகர் சட்டையில் குத்தியிருந்த காலர் மைக்கைக் கழற்றாமலே பக்கத்து அறைக்குள் போய்விட்டார். மேடையில் பேசுகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற காரியம்தான். ஸ்பீக்கர்களை அணைத்தேன். என் ஹெட்ஃபோனுக்குத் தனி லைன் என்பதால் அதில் அவர் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றப் போனேன். அப்போதுதான் அழுகைச் சத்தம் வந்தது.

“உன்னைத் தனியா விடமாட்டார்… தேடி வருவார்…” மேடையில் சொன்ன அதே வார்த்தைகள். இப்போது காய்ச்சல்காரக் குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

“அம்மா போனதுக்கப்புறம் சாப்பாடே இறங்கலப்பா. சபை ஜனங்க முன்னாடி அழவும் முடியல. யாரையாவது ஒருத்தரை அனுப்புங்க ஆண்டவரே. சும்மா பக்கத்துல உட்கார்ந்தாப் போதும்.”

பழக்கதோஷத்தில் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். மண்டபத்தில் வேறு யாரும் இல்லை. இந்த ஜெபம் போய்ச் சேர்ந்த ஒரே காது என்னுடையது. யாருக்கும் வேண்டாதவன் என்று வீட்டைப் பூட்டிக்கொள்ளப் போனவனை மேலே இருக்கிறவர் மறக்காமல் இருந்திருக்கிறார். அதை நினைத்ததும் நானும் அழுதேன்.

வயர் சுருளைத் தரையில் வைத்தேன். அவளுடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த அறைக் கதவைத் தட்டினேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே திறந்தார். “என்னண்ணே?”

“மைக் ஆன்ல இருந்துச்சுங்க ஐயா.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “எல்லாருக்கும் கேட்டுச்சா?”

“எனக்கு மட்டும்தான்.”

நாற்காலியைப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்லத் தெரிந்தால் நான் ஏன் மைக் செட் பார்க்கிறேன்? கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் அவர்தான் கேட்டார். “இன்னிக்குப் பிரசங்கம் சத்தம் சரியா இருந்துச்சாண்ணே?”

என் கை தானாகப் போய்க் காதைத் தொட்டது.

“கொஞ்சம் கம்மிதாங்க ஐயா. அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டி வைக்கிறேன்.”