காலிப் படகு

வேதசிரோமணி வீட்டு முன்னறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று தொங்கியது. சேலையூரில் அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவரும் எவரும் அதைப் பார்க்காமல் தப்பியதில்லை. 1979-ல் அவர் இரண்டாம் ஆபீசராக இருந்த சரக்குக் கப்பல், நடுக்கடலில் தத்தளித்த வியட்நாம் அகதிகள் அறுபத்திரண்டு பேரை ஏற்றிக் கரைசேர்த்தது. அதற்காகக் கப்பலில் இருந்த எல்லோருக்கும் கொடுத்த சான்றிதழ் அது. சமையல்காரருக்கும் ஒன்று கிடைத்தது. ஆனால் தாம்பரத்துச் சபையைப் பொறுத்தவரை அறுபத்திரண்டு பேரையும் வேதசிரோமணிதான் தனியாக முதுகில் சுமந்து வந்தார். வருஷா வருஷம் சர்ச்சின் அறுப்பின் பண்டிகையில் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். அவரும் போவார். கயிற்றேணியில் ஏறிவந்த கர்ப்பிணியைப் பற்றிச் சொல்லும்போது எந்த இடத்தில் நிறுத்தினால் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி.

இதில் யாருக்கும் நஷ்டமில்லை, அருள்மேரி பின்கட்டுக்குக் குடிவரும் வரைக்கும்.

அருள்மேரி மன்னார்க்காரி. தொண்ணூறாம் வருஷம் இலங்கையில் சண்டை மறுபடி தொடங்கியபோது, மகள் கிருபாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசாலையிலிருந்து படகேறி ராமேஸ்வரம் வந்தாள். ஒரே படகில் இடமில்லை. புருஷன் அடுத்த படகில் வருவதாகச் சொல்லிக் கரையில் நின்றான். அந்த அடுத்த படகு இரண்டு நாள் கழித்துக் கிளம்பியது உண்மை. எங்கேயும் போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை. மண்டபம் முகாமில் நாலு மாதம் காத்திருந்துவிட்டு, தெரிந்த மடத்து சிஸ்டர் ஒருவர் மூலம் தாம்பரத்துக்கு வந்து, போலீஸ் ஸ்டேஷனில் பதிந்துகொண்டு, ஒரு தையல் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

வந்த முதல் நாளே அந்தச் சான்றிதழின் முன்னால் நின்றாள். ஒவ்வொரு எழுத்தாய்க் கூட்டிப் படித்துவிட்டு, பெரிய கப்பல்கள் இப்படித்தான் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகுமா என்று கேட்டாள். மனுஷன் அப்போதே வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவரோ பென்சிலையும் தாளையும் எடுத்து வரைபடம் போட்டார். தலைமன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே பெரிய கப்பல் வராது, ஆழம் போதாது. ஆனால் இன்ஜின் நின்றுபோனால் நீரோட்டம் படகை வடக்கே இழுத்துக்கொண்டு போய் வங்காள விரிகுடாவில் விடலாம். அங்கே கப்பல் போக்குவரத்து உண்டு. ஏற்றிய கப்பல் தான் போகிற துறைமுகத்தில்தான் இறக்கும். அது ஜப்பானாகவும் இருக்கலாம். கடிதம் வர வருஷக்கணக்காகும். எல்லாம் நடக்கக்கூடியதுதான். நடந்திருக்காது என்று அவருக்குத் தெரியும்.

"கப்பலுகள் ஆக்களைக் கண்டா விட்டுட்டுப் போகாதுதானே, ஐயா?" என்று கேட்டாள்.

"போகாதும்மா. கடல்ல அது சட்டம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் இரண்டு வருஷம் உயிரோடு இருந்தாள். மாதம் ஒருமுறை வந்து அதே கேள்வியைக் கேட்பாள். அவரும் அதே பதிலைச் சொல்வார். சொல்லிவிட்டு அன்றைக்குச் சாப்பிட மாட்டார். வயிறு சரியில்லை என்பார்.

தொண்ணூற்றிரண்டில் கனடாவிலிருந்து அருள்மேரியின் தம்பி படிவங்கள் அனுப்பினான். அங்கே ஒரு சபை அக்காவையும் பிள்ளையையும் பொறுப்பேற்று அழைத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. முகாம்களில் இருந்தவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த வருஷம் அது. வெளியே இருப்பவர்களுக்கும் எந்த நாளும் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வரலாம் என்று பேச்சிருந்தது. படிவம் அந்த வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் சேர வேண்டும். எல்லாவற்றையும் நிரப்பியாயிற்று, ஒரு கட்டத்தைத் தவிர. திருமண நிலை. காணாமல் போனவனின் மனைவி என்று எழுத அதில் கட்டம் இல்லை. திருமணமானவள் என்று எழுதினால் புருஷனின் சம்மதக் கையெழுத்து வேண்டும்.

அருள்மேரி போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். அவர் வந்து தேடும்போது தான் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பது அவள் நியாயம்.

புதன்கிழமை மதியம் வேதசிரோமணியின் மனைவி மெட்டில்டா அவர் முன்னால் வந்து உட்கார்ந்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மேய்த்தவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"ஏங்க, நீங்க சொன்னதை நம்பித்தான் அவ உக்காந்திருக்கா. அந்தக் குழந்தையைத் திருப்பி அனுப்பிட்டாங்கன்னா, சர்ச்ல போய் அதையும் சாட்சி சொல்லுவீங்களா?"

வேதசிரோமணி எழுந்து பின்கட்டுக்குப் போனார். அருள்மேரி வாசற்படியில் உட்கார்ந்து பிளவுஸுக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, யாரிடமும், மெட்டில்டாவிடம்கூடச் சொல்லாததைச் சொன்னார்.

அந்த அறுபத்திரண்டு பேரை ஏற்றியதும் எந்தத் துறைமுகமும் அவர்களை இறக்க விடவில்லை. பதினொரு நாள் கப்பல் வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்தது. முதலாளிகள் கேப்டனைப் பிடித்துக் குதறிவிட்டார்கள். அதற்குப் பிறகு கேப்டன் ஆபீசர்களைக் கூப்பிட்டு, நிச்சயமாக ஆள் இருந்தாலொழியத் தன்னை எழுப்ப வேண்டாம் என்றார். அந்தக் கடலில் அப்போது காலிப் படகுகள் நிறையவே மிதந்தன. கப்பல்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு படகை அப்படியே விட்டுவிட்டுப் போவது வழக்கம். பார்த்தால் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துபோவதும் வழக்கம்.

1981 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை அவருடைய வாட்ச், கப்பலைப் பார்த்துக்கொள்ளும் முறை. கேப்டன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு நீலப் படகு ஒன்று தெரிந்தது. பைனாகுலரில் பார்த்தார். நிற்கிற ஆள் யாருமில்லை, நீளமாக ஒரு தார்ப்பாய் மட்டும். 'காலிப் படகு, ஆட்கள் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து எப்போதும்போல அச்சடித்த மாதிரி இருந்தது.

நாலு நாள் கழித்து இன்னொரு கப்பல் அதே படகைக் கண்டது. அடுத்த துறைமுகத்தில் ஏஜென்ட் செய்தித்தாளைக் கொண்டுவந்து காட்டினான். முப்பத்தாறு பேர் ஏறிய படகு. உயிரோடு எடுத்தது ஐந்து பேரை. உச்சி வெயிலில் எல்லோரும் தார்ப்பாய்க்கு அடியில்தான் படுத்துக் கிடப்பார்களாம். செவ்வாய்க்கிழமை மதியம் பெரிய கப்பல் ஒன்று பக்கத்தில் போனதாக அந்த ஐந்து பேரும் சொல்லியிருந்தார்கள்.

அருள்மேரி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். அழவில்லை. ஏசவும் இல்லை. அவள் ஏசியிருந்தால் அவருக்கு அது பெரிய உபகாரமாக இருந்திருக்கும்.

"ஒராள்கூடக் கை காட்டேல்லையோ?"

"கை தெரியல. தார்ப்பாய் ஓரத்துல வெள்ளையா ஒரு துணி ஆடிச்சு. காத்துல ஆடுதுன்னு நினைச்சேன்."

"காத்து அடிச்சதோ அண்டைக்கு?"

பதிவேட்டில் காற்றுக்கென்று தனியாக ஒரு கட்டம் உண்டு. மணிக்கொரு தரம் அதை நிரப்ப வேண்டியதும் அவர் வேலைதான்.

"இல்லம்மா. காத்தே இல்ல. அதையும் நான்தான் எழுதினேன். பக்கத்துக் கட்டத்துல."

அவள் தலையை ஆட்டினாள். பக்கத்து வீட்டுக் குழாயடியில் யாரோ குடம் வைத்த சத்தம் கேட்டது. அவள் முகத்தில் அத்தனை நாள் இருந்த ஏதோ ஒன்று அணைந்துபோனது. அதை அணைத்தது தான்தான் என்று அவருக்குத் தெரிந்தது. அது பொய்யில் எரிந்ததுதான், ஆனாலும் அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"அப்ப அவரையும் ஆரும் கண்டிருப்பினம்" என்றாள். "கண்டு எழுதியிருப்பினம்."

அவள் உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து படிவத்தை எடுத்துவந்து, தையல் துணியை ஒதுக்கிவிட்டு அவர் மடியில் வைத்தாள். பேனாவையும் மூடி கழற்றிக் கொடுத்தாள். நிரப்பாமல் விட்ட கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"நீங்களே எழுதுங்கோ, ஐயா. உங்கட எழுத்து வடிவா இருக்கும்."

அவர் எழுதினார். விதவை என்பதற்கான ஆங்கிலச் சொல் அச்சடித்த மாதிரி விழுந்தது.

மை ஈரமாக இருந்தது. அவள் தாளை வாங்கி, அது காயும்வரை வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றாள்.