பனியன் பெட்டிக்குள் ஓர் அறை

என் மகள் சுப்புலட்சுமி செத்து ஒன்பது மாதம் ஆகியும் எனக்கு அழுகை வரவில்லை. அதற்கு ஊரே கவலைப்பட்டது. பனியன் கம்பெனியில் என் பக்கத்தில் உட்கார்ந்து மடிக்கிற வேலாத்தாளுக்குத்தான் கவலை அதிகம்.

“ஏம்புள்ள பழனாயி, ஒருக்கா அழுதுபோடு. நெஞ்சுக்குள்ளயே வெச்சிருந்தா ஒடம்பு என்னத்துக்காகும்?”

“வந்தா அழ மாட்டனாக்கா? பனியனை மடிங்க” என்பேன்.

குழந்தைக்கு ஒன்றரை வயது. காய்ச்சல், மூன்றே நாள். காரியம் முடிந்ததும் மாமியார் தொட்டில் சேலை, சட்டை எல்லாவற்றையும் வண்ணாரிடம் கொடுத்துவிட்டார். முறை அதுதான். ஆனாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். விட்டத்தில் கொக்கி மட்டும் தொங்கியது. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சோறு தின்றேன், வேலைக்குப் போனேன்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், மூலை நசுங்கிய அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து உள்ளே சுண்ணாம்பு பூசினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. மறுநாள் ஈர்க்குச்சியில் விட்டம் வைத்தேன். தீப்பெட்டிப் படத்தை ஒட்டினேன், அது காலண்டர். குண்டூசியை வளைத்துக் கொக்கி. கழித்துப்போட்ட பனியன் துணியில் விரல் நீளத்துக்குத் தொட்டில். எங்கள் வீட்டு அறையே வந்துவிட்டது, மகள் சுவரில் கரிக்கோடு இழுத்த இடம் உட்பட. குழந்தை மட்டும் செய்யவில்லை. வாயால் சொல்லத் தெரியாததெல்லாம் அதற்குள் இருந்தது. தினமும் மூடியைத் திறந்து ஒரு தடவை பார்ப்பேன். பார்த்தால்தான் மத்தியானத்துக்கு மேல் கை வேலை செய்யும்.

எங்கள் கம்பெனியில் நூல் கட்டிய பெட்டி என்றால் எண்ணி முடித்த, ஏற்ற வேண்டிய பெட்டி. ஒரு சாயங்காலம், தூசி போகக் கூடாதென்று என் அறைப் பெட்டிக்கு நூலைச் சுற்றினேன். பழகிய கை அதே முடிச்சைப் போட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மறுநாள் காலை மேஜையில் அது இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பனியன் பெட்டி மிச்சம் கிடந்தது. பாரம் ஏற்றும் நல்லான், கல்கத்தா சரக்கோடு என் அறையை ரயிலேற்றிவிட்டிருந்தார்.

“நூலு கட்டியிருந்துச்சுங்களே அம்மிணி” என்றார்.

அவர் மேல் தப்பில்லை. என்னிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான், அதையும் நானே கட்டி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கும் கண் நனையவில்லை. மடித்துக்கொண்டே இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து, கணக்கர் குமாரவேல் என்னையும் வேலாத்தாளையும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். கையில் கல்கத்தாக் கடிதம். வசவு நிச்சயம் என்று நின்றேன்.

“ஒரு பெட்டியில பனியன் இல்லியாம். சின்ன ரூம் ஒண்ணு இருந்துச்சாம். கடைக்காரர் மக எடுத்து வெச்சுக்கிட்டு, குடுக்க மாட்டேங்கறாளாம்.” தாளைத் திருப்பினார். “தொட்டில் காலியா வந்திருக்குதாம். பொம்மை இங்கயே விட்டுப்போயிருந்தா அனுப்பச் சொல்றாங்க. இருக்குதுங்களா அக்கா?”

“இருந்துச்சுங்க” என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். குமாரவேல் என்ன செய்வதென்று தெரியாமல் கடிதத்தை மடித்தார். வேலாத்தாள் முதுகைத் தடவினாள். தடவாதீங்கக்கா என்றேன். அவள் தடவிக்கொண்டே இருந்தாள்.